ஒரு சாண் நீளத்துக்கு எவ்வளவு பெட்ரோல்?

போன மாசம் மூலனூரிலிருந்து மச்சான் போன் பண்ணினார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் பத்து மிஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறார். திருப்பூரிலிருந்து கட்டிங் பீஸ் எடுத்து வந்து, தைத்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஜாப் ஒர்க். கார் வாங்கலாம் என்று இருக்கிறார்.

"மாப்ள, ஹேட்ச்பேக்கே எடுத்தரலாமா? பின்னாடி இடம் பத்தாதுன்னு வீட்ல சொல்றாங்க. ஆனா பெரிய வண்டின்னா பெட்ரோல் குடிக்கும்ங்கறாங்களே?"

கேள்வி சாதாரணமானது. ஆனால் பதில் தேடப் போனால், இந்த "பெரிய வண்டி பெட்ரோல் குடிக்கும்" என்ற வாக்கியத்துக்குள் நாலைந்து விஷயங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம் என்று தெரிகிறது. நீளமா, உயரமா, எடையா, எஞ்சினா, எது குடிக்கிறது? நம்ம ஊரில் யாரும் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசாங்கமும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

ஒரே கார், ரெண்டு பின்பக்கம்

மச்சானுக்கு உண்மையில் தேவைப்படுவது ஸ்டேஷன் வேகன். வெளிநாட்டில் எஸ்டேட் என்பார்கள். ஹேட்ச்பேக்கின் அதே அடித்தளம், அதே எஞ்சின், அதே முன்பக்கம். பின்சக்கரத்துக்குப் பின்னால் கூரையை மட்டும் கொஞ்சம் நீட்டி, சாமான் வைக்க இடம் விட்டிருப்பார்கள்.

ஐரோப்பாவில் இந்த ஜோடிகள் இன்னும் விற்கின்றன. எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஹேட்ச்பேக்கின் நீளம் 4284 மி.மீ. அதன் எஸ்டேட் வடிவமான வேரியண்ட் 4633 மி.மீ. கூடுதல் 35 செ.மீ. பின்பக்க இடமோ 380 லிட்டரிலிருந்து 611 லிட்டராகிறது. ஒரே எஞ்சின் போட்ட ஜோடிகளை அந்த ஊர் அட்டவணைகளில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடு வித்தியாசம் பெரும்பாலும் கிலோமீட்டருக்குச் சில கிராம்தான்.

ஏன் இவ்வளவு குறைவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹேட்ச்பேக்கை எஸ்டேட் ஆக்கினால் எடை 50 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 கிலோவை டயரில் உருட்டுவதற்கு ஆகும் கூடுதல் விசை சுமார் 5 நியூட்டன். எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுவருகிறது என்று எடுத்தாலும், 100 கி.மீ.க்கு 0.06 அல்லது 0.07 லிட்டர் பெட்ரோல். ஊருக்குள் நின்று நின்று கிளம்பும்போது இது ரெண்டு மூணு மடங்காகலாம். அப்படியும் கால் லிட்டரைத் தாண்டாது.

காற்றைப் பொறுத்தவரை, நீளம் கூடுவது பெரிய குற்றமே இல்லை. காற்று முதலில் பார்ப்பது காரின் முகப்பை: அகலம், உயரம். ஹேட்ச்பேக்குக்கும் அதன் எஸ்டேட்டுக்கும் முகப்பு ஒன்றுதான்.

ஆக, வடிவத்தை மட்டும் மாற்றினால் பெட்ரோல் செலவு பெரிதாக மாறாது. புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு போன்ற நச்சுகளுக்கும் இதுவே பொருந்தும். பி.எஸ். 6 வரம்பு கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எரிபொருளைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது: நைட்ரஜன் ஆக்சைடு பெட்ரோல் காருக்கு 60, டீசல் காருக்கு 80. பின்பக்கம் குட்டையா நீளமா என்று அந்த விதி கேட்பதில்லை.

அப்புறம் மைலேஜ் எண் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

மச்சான் கையில் ரெண்டு எண் இருந்தது. மாருதி ஸ்விஃப்ட், லிட்டருக்கு 24.8 கி.மீ. எர்டிகா, 20.51 கி.மீ. "பாத்தியா, நாலு கிலோமீட்டர் அடி வாங்குது" என்றார்.

இங்கே ரெண்டு தவறு இருக்கிறது. முதல் தவறு, இது வடிவத்தை ஒப்பிடும் கணக்கே இல்லை. ஸ்விஃப்டில் இருப்பது 1.2 லிட்டர், மூணு சிலிண்டர் எஞ்சின். எர்டிகாவில் 1.5 லிட்டர், நாலு சிலிண்டர். எர்டிகா நீளம் மட்டுமல்ல, உயரமும் கூட, 1690 மி.மீ.; ஏழு சீட். எடை ஸ்விஃப்டைவிட இருநூறு கிலோவுக்கு மேல் அதிகம். இத்தனையும் சேர்ந்துதான் அந்த நாலு கிலோமீட்டர். "நீளமான வண்டி குடிக்கும்" என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது, குண்டாக இருப்பவர் அதிகம் சாப்பிடுகிறார், ஆகவே நீளமான சட்டை போட்டால் பசிக்கும் என்பது மாதிரி.

இரண்டாவது தவறு, "லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்" என்ற அளவையே. அது கண்ணை ஏமாற்றும். 10ஐ 12 ஆக்கினாலும், 24ஐ 26 ஆக்கினாலும் நமக்கு "ரெண்டு கிலோமீட்டர்" தான். ஆனால் 100 கி.மீ.க்கு முதலாவதில் மிச்சமாவது 1.67 லிட்டர், இரண்டாவதில் 0.32 லிட்டர். அதனால் நான் எப்போதும் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றித்தான் எழுதிக்கொள்வேன். ஸ்விஃப்ட் 4.03. எர்டிகா 4.88. வித்தியாசம் 0.85 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.37 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதாவது கிலோமீட்டருக்கு 96 கிராம், 116 கிராம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? காரை ரோலர் மேல் நிறுத்தி ஓட்டும் சோதனையிலிருந்து. சுமார் இருபது நிமிஷம், பத்தரை கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. சுற்றி, உச்ச வேகம் 90. ஏ.சி. கிடையாது. காரின் எடையோடு 150 கிலோ மட்டும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஓட்டுகிறவரும் கூட ஒருத்தரும் உட்கார்ந்த மாதிரி.

சோதனையைக் குறை சொல்லவில்லை. எல்லா காரையும் ஒரே தராசில் நிறுக்க ஒரு விதி வேண்டும். ஆனால் அது பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: ஏறக்குறையக் காலியாக, மெதுவாகப் போகும் கார் எவ்வளவு குடிக்கும்? மூலனூரிலிருந்து தாராபுரம் வழியாகவோ, வெள்ளகோவில், காங்கயம் வழியாகவோ திருப்பூருக்கு எழுபது கி.மீ. சாலை நல்ல சாலை. எழுபது எண்பதில் போகலாம். பின்னால் பண்டல் இருக்கும். மச்சானின் கேள்வி அந்தச் சோதனையில் இல்லவே இல்லை.

கூரைமேல் ஒரு பண்டல்

பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. எடை கம்மி, இடம் ஜாஸ்தி. ஒரு டி-ஷர்ட் 150 கிராம் என்றால் ஆயிரம் பீஸ் 150 கிலோ. ரெண்டு ஆள் எடைதான், எந்த ஹேட்ச்பேக்கும் இழுத்துவிடும். ஆனால் ஸ்விஃப்டின் டிக்கி 265 லிட்டர். பின்சீட்டை மடக்கினாலும், ஃபினிஷிங் முடிந்த பீஸைக் கசங்காமல் அடுக்க முடியாது. அப்போது என்ன செய்கிறோம்? மேலே கேரியர் போட்டு தார்ப்பாய் கட்டுகிறோம்.

இதற்கும் கணக்குப் போட்டேன். தோராயம்தான், ஆனால் அளவு புரியும். 80 கி.மீ. வேகத்தில் போகும் சாதாரண ஹேட்ச்பேக்கைக் காற்று சுமார் 200 நியூட்டன் விசையோடு பின்னால் தள்ளுகிறது. டயர் உராய்வு 120 நியூட்டன். 100 கி.மீ.க்கு நாலு லிட்டரைச் சுற்றிச் செலவாகும். கூரைமேல் ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பண்டல் வைத்தால் காற்றுத் தடை இன்னும் 80, 90 நியூட்டன் கூடும். கூடுதல் பெட்ரோல் 100 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்.

இதை முன்னால் பார்த்த எண்ணோடு பக்கத்தில் வையுங்கள். காரை எஸ்டேட் ஆக்கினால் அதே வேகத்தில் கூடுவது 0.07 லிட்டர். எஸ்டேட் இல்லாததால் கூரைமேல் கட்டினால் கூடுவது ஒரு லிட்டர். பத்து மடங்குக்கு மேல். மைலேஜ் அட்டையில் ஹேட்ச்பேக் ஜெயிக்கும். காங்கயம் ரோட்டில் தோற்கும்.

அப்படியானால் எஸ்டேட் எங்கே போச்சு?

இந்தியாவில் வராமல் இல்லை. 1992இல் டாடா எஸ்டேட் வந்தது, பிக்கப் வண்டியின் அடித்தளத்தில். 2000ஐ ஒட்டி மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்ஸா ஸ்விங், ஃபியட் சியேனா வீக்எண்ட் எல்லாம் வந்து போயின. நம்ம ஒப்பீட்டுக்குச் சரியான ஜோடி டாடாவிடம் இருந்தது. 1998இல் அறிமுகமான இண்டிகா ஹேட்ச்பேக். அதிலிருந்து 2002இல் இண்டிகோ செடான். 2004இல் இண்டிகோ மரினா என்ற எஸ்டேட். மூணுக்கும் 1.4 லிட்டர் டீசல் எஞ்சின்.

எதுவும் நிலைக்கவில்லை. பார்க்க ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு, சவ ஊர்தி மாதிரி இருக்கு என்றார்கள். செடானுக்கு இருந்த கௌரவம் இதற்கு இல்லை. மக்கள் ரசனையும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ரசனை மாறக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைச் சட்டம் கொடுக்கவில்லை.

2006 பட்ஜெட்டில் சின்ன கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. சின்ன கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்குள். எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். மரினா டீசல் எஞ்சின் விஷயத்தில் பாஸ். நீளம் 4150 மி.மீ. வெறும் 15 செ.மீ. கூடுதல், ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு சாணுக்குள் 8 சதவீத வரி.

நிறுவனங்கள் என்ன செய்தன? 2008இல் இண்டிகோ செடானின் வாலை வெட்டி 3988 மி.மீ. ஆக்கி, இண்டிகோ சிஎஸ் என்று கொண்டுவந்தது டாடா. டிக்கியை நறுக்கிய செடான்கள் ஒரு தனி இனமாகவே பெருகின. எஸ்டேட்டை அப்படி நறுக்க முடியாது. நறுக்கினால் அது மறுபடி ஹேட்ச்பேக்.

நீளமாக வளர முடியாத கார் எங்கே வளரும்? மேலே. இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. ஜப்பானில் கெய் கார் என்ற சின்ன கார் இனத்துக்கு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி என்று எல்லை. உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை தாராளம். அங்கே 1993இல் பிறந்த உயரமான பெட்டிதான் வேகன்ஆர். இந்தியாவில் பேரிலேயே வேகன் இருக்கும் ஒரே பிரபலமான கார், உண்மையில் உயரமான ஹேட்ச்பேக்! இங்கேயும் அதே நடந்தது. 3995 மி.மீ. நீளத்தில் எஸ்.யூ.வி.க்கள் வரிசையாக வந்தன. காற்று பார்ப்பது முகப்பை என்று மேலே சொன்னேன். நம் விதி வளர்த்தது அந்த முகப்பைத்தான்.

அளவுகோல் அளப்பது என்ன?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. சின்ன காருக்கு 18 சதவீதம், மற்றதுக்கு 40. சின்ன காரின் இலக்கணம் 2006இல் எழுதிய அதே 4 மீட்டர், அதே 1200, 1500 சிசி.

இப்போது ரெண்டு கார். டாடா நெக்ஸான் பெட்ரோல்: 3995 மி.மீ., 1199 சிசி, ஐந்து சீட், மேனுவல் கியரில் சோதனை மைலேஜ் சுமார் 17.4. கிலோமீட்டருக்கு 136 கிராம் கார்பன் டை ஆக்சைடு. வரி 18 சதவீதம். எர்டிகா: 4 மீட்டருக்கு மேல் நீளம், 1462 சிசி, ஏழு சீட், 116 கிராம். வரி 40 சதவீதம்.

நெக்ஸான் மோசமான கார் என்று சொல்லவில்லை. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார். டர்போ எஞ்சினின் சக்தியும் அதிகம். அதை வாங்குகிறவர்களுக்கு அவரவர் காரணம் இருக்கும். என் புகார் கார் மீது இல்லை, அளவுகோல் மீது. கம்மியாகப் புகைவிட்டு அதிகம் பேரைச் சுமக்கும் காருக்கு ரெண்டு மடங்குக்கு மேல் வரி என்றால், அந்த அளவுகோல் எரிபொருளை அளக்கவில்லை. மில்லிமீட்டரையும் சிசியையும் அளக்கிறது.

எரிபொருளை நேரடியாக அளக்கும் விதியும் நம்மிடம் இருக்கிறது. ஒரு நிறுவனம் விற்கும் மொத்தக் கார்களின் சராசரி, முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 130 கிராம், 2022 முதல் 113 கிராம் என்ற இலக்கு. ஆனால் அதிலும் ஒரு வழுக்கல்: நிறுவனத்தின் சராசரி எடை கூடினால் வரம்பும் கூடும். 100 கிலோ கூடினால் 100 கி.மீ.க்கு 0.2 லிட்டர் சலுகை. அமெரிக்காவில் இதே வேலைக்கு எடையை விட்டுவிட்டு, நாலு சக்கரத்துக்கு நடுவே உள்ள பரப்பைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதிலும் பெரிய வண்டிக்குச் சாதகம் உண்டு. ஆனால் எடையைக் குறைத்தால் அபராதம் இல்லை. நம்ம ஊரில் அடுத்த கட்டத்துக்காக 2025 செப்டம்பரில் வந்த வரைவில், 909 கிலோவுக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் காருக்குச் சலுகை சேர்த்தார்கள். அதற்கும் நிபந்தனை: 1200 சிசி, மறுபடி 4 மீட்டர். லேசான எஸ்டேட் ஒன்றை யாராவது செய்தாலும் அந்த வாசலில் நிற்க முடியாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானது. "இடம் இருக்குன்னு பெரிய காரை வாங்குவாங்க, அப்புறம் தினமும் ஒரே ஆள் ஓட்டிட்டுப் போவாங்க." உண்மை. ஆறு பேர் போனால் எர்டிகாவில் தலைக்குக் கிலோமீட்டருக்கு 19 கிராம். ஒருத்தர் போனால் 116. அதனால்தான் ஹேட்ச்பேக்கின் அளவிலேயே, அதே சின்ன எஞ்சினோடு, பின்னால் மட்டும் ஒரு சாண் நீண்ட கார் வேண்டும் என்கிறேன். காலியாக ஓடினாலும் அது அதிகம் தின்னாது. சந்தையில் இல்லாமல் போனது அதுதான்.

மச்சானுக்குச் சொன்னது

இல்லாத காரை வாங்கச் சொல்ல முடியாது. இருக்கிறதை வைத்துக் கணக்குப் போட்டோம். வாரம் 600 கி.மீ. ஓடுவார். ஸ்விஃப்டுக்குப் பதில் எர்டிகா என்றால் சோதனை எண்படி வாரத்துக்கு 5 லிட்டர் கூடுதல். ஆனால் சரக்கு அடங்காமல் ஸ்விஃப்டில் திருப்பூருக்கு இன்னொரு நடை போய்வந்தால், 140 கி.மீ.க்கு 5.6 லிட்டர். வாரத்துக்கு ஒரே ஒரு நடை மிச்சமானாலே பெரிய கார் பெட்ரோலில் சமன் செய்துவிடும். அந்த ஒரு நடை இல்லாவிட்டால் ஹேட்ச்பேக்தான் சரி. வாங்கும் விலையை இதில் சேர்க்கவே இல்லை. அந்த 40 சதவீதத்தைச் சேர்த்தால் தராசு ஹேட்ச்பேக் பக்கம் இன்னும் சாயும்.

"அப்ப எதுடா நல்லது?" என்றார்.

"மச்சான், ஒரு மாசத்துக்கு நோட்டுல எழுதுங்க. எந்தெந்த நாள் ஹேட்ச்பேக்ல அடங்காத அளவுக்குச் சரக்கு இருந்துச்சுன்னு. மைலேஜ் அட்டையை அப்புறம் பார்த்துக்கலாம்."

நேற்று நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நாலு வாரத்தில் ரெண்டே நாள். ரெண்டு நாளும் பக்கத்துத் தெரு குட்டி யானையைக் கூப்பிட்டுச் சமாளித்திருக்கிறார். ஹேட்ச்பேக்கே எடுக்கப் போகிறாராம். கேரியர் மட்டும் மாட்டாதீங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன்.